விரலுக்கும் காதுக்கும் எட்டும் தோட்டத்தளம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

என் பெரியம்மாவுக்கு நீரிழிவால் இரண்டு கண்களிலும் பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கிறார். வீட்டின் முன்மாடத்தில் பதினொரு பூச்சாடிகள்: கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு தேசி. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு சாடியிலும் சுட்டுவிரலை முதற் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். விரலில் மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். பொடியாக உதிர்ந்தால் ஒரு கோப்பை ஊற்றுவார். கடற்காற்றின் உப்பு இலையில் படிந்திருந்தால் தடவியே கண்டுபிடித்து ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

ஒருநாள் மிளகாய் இலை சுருளத் தொடங்கியது. அவருடைய கைத்தொலைபேசி திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். நான் நடத்தும் வீட்டுத்தோட்ட இணையத்தளத்தைத் திறந்து, மிளகாய் இலைச் சுருட்டு பற்றிய பக்கத்துக்குப் போனார். நான் அருகில் இருந்தேன். தொலைபேசி வாசித்தது: "படம். ஐ எம் ஜி அடிக்கோடு இரண்டு பூச்சியம் இரண்டு மூன்று. படம். இணைப்பு. படம். பொத்தான்." பெரியம்மா திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "பிள்ளை, இந்தப் பக்கத்தில் நீ ஒன்றும் எழுதவில்லையா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தேன். நான்கு ஒளிப்படங்களின் மேல், படத்தோடு படமாக, அழகான எழுத்துருவில் எழுதியிருந்தேன். அவர் காதுக்கு அதில் ஒரு சொல்லும் எட்டவில்லை.

அதன் பிறகு தளத்தைப் பக்கம் பக்கமாகத் திருத்தினேன். அப்போது கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். மண்ணின் ஈரத்தை விரலும், அழுகிய வேரை மூக்கும், முற்றிய பயற்றங்காயைத் தட்டிப்பார்க்கும் காதும் அறிகின்ற வேலை தோட்டவேலை. இணையத்தில் ஏற்றும்போது மட்டும் அதைக் கண்ணுக்கு மட்டுமே உரியதாகச் சுருக்கிவிடுகிறோம். விட்டுப்போன சொற்களைத் திரும்ப எழுதி வைப்பதே பெரும்பாலான திருத்தம். வேர்ட்பிரஸ் போன்ற ஆயத்தக் கருவியில் தளம் நடத்துகிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி நிரல் எழுதத் தெரியாமலே செய்யக்கூடியது.

முதலில் உங்கள் தளத்தைக் காதால் கேளுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அன்ட்ராய்ட் தொலைபேசிகளில் டோக்பேக் என்ற திரைவாசிப்பானும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் கிடைக்கும். அதை இயக்கியதும் தொடுகை முறையே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், வலப்பக்கம் தேய்த்தால் அடுத்ததற்குப் போகும். ஆகவே அணைக்கும் வழியை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். அன்ட்ராய்டில் ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் குறுக்குவழியும், ஐபோனில் பக்கப் பொத்தானை (பழையவற்றில் முகப்புப் பொத்தானை) மும்முறை அழுத்தும் குறுக்குவழியும் போதும். இது தெரியாமல் இயக்கிவிட்டுத் திணறுகிறவர்கள் பலர்.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவில் 2006ல் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதனுடன் வரும் குரல்களில் தமிழும் உண்டு. கேட்க இயந்திரம் பேசுவது போலத்தான் இருக்கும், ஆனாலும் பழகியவர்கள் மிக வேகமாகக் கேட்டுச் செல்வார்கள்.

இப்போது திரையை ஒரு துணியால் மூடுங்கள். உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு செடியின் பக்கத்துக்குப் போய், அதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை பசளை இடவேண்டும் என்று கண்டுபிடியுங்கள். பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் கீழே உள்ளவை உங்களுக்கானவை.

எழுத்து உண்மையில் எழுத்துதானா?

இலங்கையில் தமிழ்த்தளம் நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் முன்பாகச் சரிபார்க்க வேண்டியது இதுதான். நம் நாட்டில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம். இன்னும் பலர் செய்கிறார்கள். பாமினியில் 'மரம்' என்று கண்ணுக்குத் தெரிகிற சொல், கணினியின் உள்ளே கே, யூ, கே என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டுவிடுகிறது. திரைவாசிப்பான் வேடத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதை வாசிக்கிறது. பெரியம்மாவுக்கு மரம் கேட்காது, "கே யூ கே செமிகோலன்" கேட்கும்.

ஆகவே ஒரு வரியை நகலெடுத்து, தொலைபேசியில் குறுஞ்செய்திப் பெட்டிக்குள் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யுனிகோட், அதாவது எல்லாக் கருவிகளும் அறிந்த பொது எழுத்துக்குறி முறை. ஆங்கில எழுத்துகள் சிதறி விழுந்தால் பாமினி. இணையத்தில் இலவச எழுத்துமாற்றிகள் நிறைய உண்டு. மாற்றியபின் ஒருமுறை கவனமாக வாசித்துத் திருத்துங்கள். பழைய துண்டுப்பிரசுரங்களைப் பிடிஎஃப் ஆக ஏற்றியிருப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. தாளை வருடி எடுத்த பிடிஎஃப் என்றால் இன்னும் மோசம்; அது முழுக்கப் படம்தான். அதில் உள்ள செய்தியைச் சாதாரணப் பக்கமாகத் தட்டச்சுச் செய்து போடுங்கள். பிடிஎஃப் கூடவே இருக்கட்டும், அச்செடுக்க விரும்புகிறவர்களுக்காக.

அடுத்து, பக்கம் தமிழில் இருக்கிறது என்று கணினிக்கும் சொல்லவேண்டும். தள அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், பக்கத்தின் மூலநிரலில் டி, ஏ என்ற இரண்டெழுத்துக் குறி சேர்ந்துவிடும். அந்தக் குறி இல்லாவிட்டால் சில திரைவாசிப்பான்கள் ஆங்கிலக் குரலிலேயே தமிழை வாசிக்க முயன்று, எழுத்தெழுத்தாக உச்சரிக்கும். சில, தமிழ் வரியை வாய் திறக்காமல் கடந்துவிடும். கொழும்பில் நம்மில் பலர் மும்மொழியிலும் தளம் வைக்கிறோம். ஒரே பக்கத்தில் சிங்கள வரியும் ஆங்கில வரியும் கலந்து வந்தால், அந்தந்த வரிக்கு அந்தந்த மொழிக்குறியைத் தனியே இடவேண்டும். தாவரவியல் பெயருக்கு இலத்தீன் குறி இடலாம். மொழி மாற்றும் இணைப்பில் கொடியின் படம் வைக்காதீர்கள்; மொழியின் பெயரை அதன் சொந்த எழுத்திலேயே எழுதுங்கள்.

படத்துக்கு மாற்று உரை

இந்த ஒரு பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். தோட்டத்தளத்தின் உயிரே படங்கள்தாம். பார்வையற்றவருக்குப் பூட்டிய கதவும் அவைதாம்.

வேர்ட்பிரஸ்ஸில் படத்தை ஏற்றும்போது பக்கத்தில் மாற்று உரை என்று ஒரு பெட்டி தெரியும். ஆல்ட் என்பதும் இதையே. திரையில் அது தெரியாது. திரைவாசிப்பான் மட்டும் படத்தின் இடத்தில் அதை வாசிக்கும். இணைப்பு மெதுவாகிப் படம் இறங்காமல் போனாலும் அந்த உரை தோன்றும். அந்தப் பெட்டியை நான் முன்பு வெறுமையாக விட்டேன். பிறகு 'மிளகாய்ச் செடி' என்று நிரப்பினேன். அதுவும் போதாது என்று பெரியம்மாதான் புரியவைத்தார். "மிளகாய்ச் செடி என்று எனக்குத் தெரியும், நான்தானே நட்டேன். இலை எப்படிச் சுருண்டிருக்கிறது என்று சொல்" என்றார்.

அந்தக் கேள்வியில் ஒரு விவசாயப் பாடமே இருக்கிறது. மிளகாயில் இலைப்பேன் தாக்கினால் இலை விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல ஆகும். சிற்றுண்ணி தாக்கினால் விளிம்புகள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்துவைத்த வள்ளம் போல ஆகும், காம்பும் நீண்டுவிடும். இரண்டும் வேறு பூச்சி, மருந்தும் வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் நான் இரண்டு படம் போட்டிருந்தேன், ஆனால் எழுத்தில் அதைச் சொல்லவே இல்லை. இப்போது முதற்படத்தின் மாற்று உரை இது: 'மிளகாய் இலையின் இரு விளிம்பும் மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல் நிற்கிறது, நுனியிலையில் சுருக்கம் அதிகம்.' இரண்டாவதன் உரை: 'மிளகாய் இலையின் விளிம்புகள் கீழ்நோக்கி மடிந்து கவிழ்ந்த வள்ளம் போல் தெரிகிறது, காம்பு வழக்கத்தைவிட நீளம்.'

இதைக் கேட்டதும் பெரியம்மா முன்மாடத்துக்குப் போனார். இரண்டு விரலால் ஓர் இலையைப் பிடித்து விளிம்பைத் தடவினார். "கீழே மடிந்திருக்கிறது" என்றார். கண் தெரிந்த நான் அதுவரை இலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று சரியாகப் பார்க்காமலே அவருடைய செடிக்குத் தவறான பூச்சியைச் சொல்லியிருந்தேன்.

ஆகவே மாற்று உரை எழுதும்போது, இந்தப் படத்தை ஏன் இங்கே வைத்தேன் என்று உங்களையே கேளுங்கள். பதில்தான் உரை. நாற்று நடும் ஆழத்தைக் காட்டப் படம் போட்டிருந்தால் ஆழத்தைச் சொல்லுங்கள். நோயைக் காட்டினால் புள்ளியின் நிறம், வடிவம், இலையின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். தடவினால் எப்படி இருக்கும், கசக்கினால் என்ன வாசம் என்று சேர்த்தால் இன்னும் நல்லது. அதைப் பக்கத்தின் உரையிலேயே எழுதினால் எல்லாருக்கும் பயன். கறிவேப்பிலையில் அசுவினி வந்தால் இலையில் பிசுபிசுப்புத் தட்டும், எறும்பு ஏறும், பிறகு கரும்பூஞ்சணம் படியும். இந்த வரிசையில் முதலாவது கைக்குத்தான் தெரியும்.

சில சிறு விதிகள். 'படம்' என்ற சொல்லில் தொடங்காதீர்கள், திரைவாசிப்பானே அதைச் சொல்லிவிடும். ஒன்றிரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். நீளமாகச் சொல்லவேண்டியதைப் பக்கத்தின் உரைக்குள் கொண்டுவாருங்கள். பக்கத்தை அலங்கரிக்க மட்டும் வைத்த கொடி, பூ வரிசை போன்றவற்றுக்கு மாற்று உரையை வெறுமையாக விடுங்கள். அப்படி விட்டால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போகும். படமே ஓர் இணைப்பாக இருந்தால், அழுத்தினால் எங்கே போகும் என்பதே அதன் உரை. படத்துக்குள் எழுத்து வைக்காதீர்கள். பண்டிகை வாழ்த்துப் படத்தைக்கூட எழுத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தலைப்புகளும் நடுகை அட்டவணையும்

திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பதில்லை. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போவார்கள், நாம் கண்ணால் மேய்வதைப் போல. எழுத்தைப் பெரிதாக்கித் தடித்த வரியாக்கினால் அது தலைப்பு ஆகாது. தொகுப்பியில் தலைப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். செடியின் பெயர் முதல்நிலைத் தலைப்பு, பக்கத்துக்கு ஒன்றே. நடுகை, நீர், பசளை, பீடை, அறுவடை ஆகியவை இரண்டாம் நிலை. எல்லாச் செடிப் பக்கத்திலும் இந்த வரிசையை மாற்றாமல் வைத்தால் பழகியவருக்கு வழி மனப்பாடமாகிவிடும். நினைவாற்றல் குறைந்தவர்களுக்கும் வாசிப்பில் சிரமப்படுகிறவர்களுக்கும் இந்த மாறாத வரிசை பெரிய உதவி.

இணைப்புகளையும் தனியே பட்டியலாக்கிக் கேட்பார்கள். 'இங்கே அழுத்தவும்' என்று பத்து இடத்தில் வைத்தால் பத்து முறை 'இங்கே அழுத்தவும்' என்றுதான் கேட்கும். 'வல்லாரை நடும் முறை' என்று இணைப்பின் பெயரையே எழுதுங்கள்.

நடுகை நாட்காட்டிதான் தோட்டத்தளங்களில் அதிகம் கெட்டுக் கிடக்கிறது. பன்னிரண்டு மாதம், இருபது பயிர், பச்சை நிறம் விதைப்பு, சிவப்பு நிறம் அறுவடை என்று ஒரே படமாக இருக்கும். பார்வையற்றவருக்கு அதில் எதுவும் இல்லை. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு எல்லாம் ஒரே பழுப்பு. உண்மையான அட்டவணையாக அமையுங்கள். மேல்வரிசையில் மாதங்களையும் இடநிரலில் பயிர்களையும் தலைப்புக்கலமாகக் குறியுங்கள். ஒவ்வொரு கலத்திலும் நிறத்தோடு 'விதை', 'நடு', 'பறி' என்று ஒரு சொல் இருக்கட்டும். கலங்களை ஒட்டி இணைக்காதீர்கள், வாசிப்பு வரிசை குழம்பிவிடும். என் தளத்தில் இப்போது அட்டவணைக்குக் கீழே பயிர்வாரியாக ஒரு பட்டியலும் உண்டு. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மழையோடு எதை நடலாம் என்று கேட்கிறவருக்கு அட்டவணையைவிட அந்தப் பட்டியலே விரைவில் விடை தருகிறது. சிறிய திரையிலும் அதுதான் வாசிக்க எளிது.

நிறமும் எழுத்தளவும்

தோட்டத்தளம் என்றாலே இளந்தளிர்ப் பச்சை எழுத்து, வெள்ளைப் பின்னணி. பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும்; கண்புரை உள்ள எழுபது வயதுக்காரருக்கு அது வெறும் தாள். இணையத்தளங்கள் எல்லாருக்கும் எட்டும்படி அமைவதற்கான உலகப் பொது வழிகாட்டி நெறி ஒன்று உண்டு, டபிள்யூசிஏஜி என்பார்கள். 2008ல் அதன் 2.0 பதிப்பும், 2018ல் 2.1ம், 2023ல் 2.2ம் வெளிவந்தன. அதன் இடைநிலைத் தரம், அதாவது இரட்டை ஏ, நமக்குப் போதுமான இலக்கு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 என்று அது சொல்கிறது. இளந்தளிர்ப் பச்சையை வெள்ளையில் அளந்தால் 2:1ஐ ஒட்டியே வரும். முற்றிய பலா இலையின் கரும்பச்சையை எடுத்தால் தாராளமாகத் தாண்டிவிடும், பச்சையும் கைவிட்டுப் போகாது. நிறங்களை இட்டால் விகிதத்தைச் சொல்லும் இலவசக் கணிப்பான்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒளிப்படத்தின் மேல் எழுத்தை மிதக்கவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழுக்கென்று சில கவனிப்புகள். நம் எழுத்தில் புள்ளி ஒன்று மறைந்தால் சொல்லே மாறும். மெல்லிய எழுத்துருவில், சிறிய அளவில், புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். ஆங்கிலத்துக்கு வைத்த அளவைவிடத் தமிழைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையவேண்டாம். கொம்பும் விசிறியும் மேலும் கீழும் முட்டாமல் இருக்கும். இருபக்கமும் நேராக்கி வைத்தால் நம் நீண்ட சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும்.

பிறகு உலாவியில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து பெட்டிக்கு வெளியே வழிகிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா என்று கவனியுங்கள். தமிழ்ச்சொல் நீளமானது என்பதால் பொத்தான்களில் இந்த வழிதல் அடிக்கடி நிகழ்கிறது.

நடுங்கும் கைக்கும் மண் ஒட்டிய கைக்கும்

சுட்டியைக் கழற்றி வையுங்கள். விசைப்பலகையின் இடப்பக்கம் உள்ள டாப் (Tab) விசையை மட்டும் அழுத்தி உங்கள் தளத்தின் ஒவ்வோர் இணைப்புக்கும் போகமுடிகிறதா? எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு கோடு சுற்றித் தெரிகிறதா? தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருக்களில் சில அழகுக்காக அந்தக் கோட்டை அழித்துவிடும், திரும்ப வரவழையுங்கள். சுட்டியை மேலே வைத்தால் மட்டும் விரியும் பட்டியல், விசைப்பலகையில் வருகிறவருக்கு விரியவே விரியாது.

பொத்தான்கள் குறைந்தது 24 படப்புள்ளி (பிக்சல்) அகலமும் உயரமும் இருக்கவேண்டும் என்று மேலே சொன்ன வழிகாட்டியின் 2.2 பதிப்பு சொல்கிறது. 44 வைத்தால் நல்லது என்பது என் பிடிவாதம். கை நடுக்கம் உள்ளவருக்காகப் பெரிதாக்கிய பொத்தான், மண் ஒட்டிய பெருவிரலோடு சாடிக்கு முன்னால் குந்தியிருப்பவருக்கும் உதவுகிறது.

தானாக நகரும் படவரிசையை முடிந்தால் நீக்குங்கள். ஐந்து விநாடிக்கு மேல் தானாக அசையும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் கட்டாயம். இலை உதிர்வது, பட்டாம்பூச்சி பறப்பது போன்ற அசைவுகள் சிலருக்குத் தலைசுற்றலைத் தருகின்றன. ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதையும் வைக்கவே கூடாது, வலிப்பைத் தூண்டக்கூடும்.

காணொளி

செவிப்புலனற்ற வாசகருக்கு வசன வரிகள் வேண்டும். தானாக உருவாகும் வரிகளை அப்படியே விடாதீர்கள். செடிப் பெயர்களும் அளவுகளும் அதில் பிழையாகிவிடும், பிழையான அளவு செடியைக் கொன்றுவிடும். அமர்ந்து திருத்துங்கள். பேசாத ஒலிகளையும் தேவையான இடத்தில் எழுதுங்கள்: சாடியைத் தட்டும்போது எழும் வெற்றொலி மண் காய்ந்துவிட்டதைக் காட்டுகிறதென்றால், அந்த ஒலிக்கும் ஒரு வரி வேண்டும்.

பார்வையற்றவருக்கு, நீங்கள் பேசுகிற பேச்சே வழி. நம் காணொளிகளை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். "இவ்வளவு மண் எடுங்கள், இதோ இந்த இடத்தில் இப்படி வெட்டுங்கள், பார்த்தீர்களா, அவ்வளவுதான்." எவ்வளவு, எந்த இடம், எப்படி? அதையே இப்படிச் சொல்லலாம்: "முற்றிய தண்டில் நான்கு கணு வருமாறு வெட்டுங்கள். கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே, கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகவேண்டும்." படம் பார்ப்பவருக்கும் இதுதான் தெளிவு. பேசியதை எழுத்தாக்கிக் காணொளிக்குக் கீழே போட்டுவிட்டால், தரவுக் கட்டணத்துக்கு அஞ்சிக் காணொளியைத் திறக்காதவர்களும் வாசித்துக்கொள்வார்கள். பின்னணி இசையைப் பேச்சு நடக்கும்போது நிறுத்திவிடுங்கள்; செவிப்புலன் குறைந்தவர்களுக்கு இசைதான் பெரிய தடை.

அளவும் பெயரும்

'1/2 தே.க.' என்று எழுதினால் திரைவாசிப்பான் அதை என்னவாக வாசிக்கும் என்று சொல்லமுடியாது. அரைத் தேக்கரண்டி என்று எழுதுங்கள். '10-15' என்பதைப் பத்து முதல் பதினைந்து நாள் என்று விரித்தெழுதுங்கள். கொழும்பில் ஒரே செடிக்கு யாழ்ப்பாணத்தார் ஒரு பெயரும் மலையகத்தார் ஒரு பெயரும் சொல்வார்கள். சந்தையில் சிங்களப் பெயர் வழங்கும். வெண்டி என்றும் வெண்டைக்காய் என்றும், பப்பாசி என்றும் பப்பாளி என்றும் இரண்டையும் பக்கத்தின் தொடக்கத்தில் ஒருமுறை தந்துவிடுங்கள். குரலால் தேடுகிறவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் பக்கம் கிடைக்கவேண்டும்.

படிவமும் தொடர்பும்

நாற்றுக் கேட்டு எழுதும் படிவத்தில், பெட்டிக்குள்ளே மங்கலாகத் தெரிந்து தட்டச்சுச் செய்ததும் மறைகிற சொல்லை நம்பாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே நிலையான பெயர் வேண்டும். பிழையைச் சிவப்புக் கட்டத்தால் மட்டும் காட்டாமல், 'தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று எழுத்தில் சொல்லுங்கள். போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சோதனை பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும். வேறு வழியில் குப்பைச் செய்திகளைத் தடுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்தால் செவிப்புலனற்றவர் எப்படிப் பேசுவார்? குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் குரற்செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக் கொடுங்கள்.

தோட்டத்தைப் பார்க்க ஆட்களை அழைக்கிறவர்கள் வழியையும் நேர்மையாக எழுதுங்கள். வாசலில் எத்தனை படி, நடைபாதை சீமெந்தா சரளையா, சக்கர நாற்காலி போகும் அகலம் உண்டா, கழிப்பறை எப்படி என்று எல்லாம். 'அனைவரும் வரலாம்' என்று பொதுவாக எழுதுவதைவிட 'வாசலில் மூன்று படி, கைபிடி இல்லை' என்பது ஒருவருக்குப் பஸ் பயணத்தையும் ஏமாற்றத்தையும் மிச்சப்படுத்தும். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ல் வந்தது, அதன் இலக்கம் 28. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்துக்கு நாடு 2016ல் ஏற்புறுதி அளித்தது. செய்தியும் தகவலும் எல்லாருக்கும் எட்டவேண்டும் என்பது அந்தச் சமவாயத்தின் கோரிக்கைகளில் ஒன்று. இந்த உரிமைகள் நம் வீட்டுத்தோட்டப் பக்கத்திலும் மதிக்கப்படவேண்டும் என்று நான் நம்புகிறேன்.

எங்கே தொடங்குவது, யாரிடம் காட்டுவது

நூறு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். அதிகம் பேர் வரும் ஐந்து பக்கத்தை எடுங்கள். எழுத்துருவையும் மொழிக்குறியையும் முதல் நாளே சரிசெய்துவிடலாம். நிறம், எழுத்தளவு, பொத்தான் ஆகியவை வார்ப்புருவில் ஒருமுறை மாற்றினால் எல்லாப் பக்கத்துக்கும் பரவும். மாற்று உரைக்குத்தான் காலம் எடுக்கும். நாளைக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள்.

வேவ், லைட்ஹவுஸ் போன்ற இலவசச் சோதனைக் கருவிகள் விடுபட்ட மாற்று உரையையும் மங்கிய நிறத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் 'மிளகாய்ச் செடி' என்ற மாற்று உரை போதுமா என்று அவற்றுக்குத் தெரியாது. ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்கப்படும் மேலொட்டுக் கருவிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே இல்லாத சொற்களை அவற்றால் உண்டாக்கமுடியாது. சில நேரம் பயனரின் சொந்தத் திரைவாசிப்பானோடு மோதி இடைஞ்சலும் தருகின்றன.

பயன்படுத்துகிற ஒருவரை அழைத்து, அவருடைய சொந்தத் தொலைபேசியில், ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் திறக்காமல் அருகில் இருங்கள். உதவி செய்யத் துடிக்கும் கையை அடக்குவதுதான் கடினம். அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள். திருத்திய பிறகு மறுபடியும் காட்டுங்கள். தளத்தின் அடியில் சிறு குறிப்பொன்றும் எழுதுங்கள்: எவை சரியாகிவிட்டன, எவை இன்னும் இல்லை, தடை ஏற்பட்டால் யாருக்கு எழுதவேண்டும்.

சென்ற வாரம் பெரியம்மா என் வல்லாரைப் பக்கத்தைக் கேட்டுவிட்டு அழைத்தார். "நீர் தேங்காமல் ஈரமாக வைத்திருங்கள் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு ஈரம் என்று சொல்லவில்லையே" என்றார். எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கு. உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. அப்படி எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.